மின்தடைக்குப் பின் எஞ்சி நிற்கும் பூட்டுக் கோப்பு: எப்போது நீக்கலாம், எப்போது கூடாது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள உங்கள் பட்டறையில் இரவில் மின்சாரம் போய், இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்து, விடியற்காலையில் மின்சாரம் திரும்பியதும் உபுண்டு (லினக்ஸ்) கணினி தானாகவே எழுந்துவிடுகிறது. ஆனால் எடைமேடையிலிருந்து அளவுகளை வாங்கி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பதியும் பைத்தான் நிரல் மட்டும் ‘வேறொரு பிரதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. காலையில் வரும் ஊழியர் பூட்டுக் கோப்பைக் கையால் அழித்து நிரலைத் தொடங்குகிறார். அழிக்கும் அந்த ஒரு வரியைத் தொடக்க ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில், ‘சில நாட்கள் மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தானாகவே ஓடிவிடுகிறது, காரணம் தெரியவில்லை’ என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அழிக்கலாமா என்பதைவிட, அந்தக் கோப்பை எழுதிய பிரதி இப்போது உயிரோடு இல்லை என்பதைக் கணினி தானாகவே எப்படி அறிவது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் 19 ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் நிரலின் மூலத்தை நான் பார்க்கவில்லை என்பதால், நிரலைப் பற்றி நான் சொல்வது ஊகம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பற்றிச் சொல்வது உறுதி.

முதலில் பூட்டுக் கோப்பு என்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். உங்கள் நிரல் தொடங்கும்போது ஒரு கோப்பை உருவாக்கி, அதில் தன் பிராசஸ் எண்ணை (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் தரும் எண்ணை) எழுதி வைக்கிறது. ஒழுங்காக நிறுத்தப்படும்போது அந்தக் கோப்பைத் தானே நீக்கிவிட்டுப் போகிறது. இடையில் இன்னொரு பிரதியை யாராவது தொடங்கினால், அது கோப்பைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இது முழுக்க முழுக்க அந்த நிரலின் பிரதிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. கெர்னலைப் பொறுத்தவரை அது வட்டில் உள்ள மற்றொரு சாதாரணக் கோப்பு, அவ்வளவே. மின்சாரம் திடீரென்று போகும்போது நீக்கும் வரி ஓடுவதே இல்லை. கோப்பு வட்டில் அப்படியே தங்கிவிடுகிறது. கடைக்காரர் ‘உள்ளே இருக்கிறேன்’ என்று பலகையை மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டது போன்ற நிலை இது.

அப்படியானால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் நிரல் மறுத்திருக்க வேண்டும். சில நாட்கள் தானாக ஓடுகிறது என்பதிலிருந்து, உங்கள் நிரல் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை என்று தெரிகிறது. கோப்பில் உள்ள எண்ணைப் படித்து, அந்த எண்ணில் ஏதேனும் பிராசஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் அது கேட்கிறது. யூனிக்ஸ் உலகில் இதற்கு வழக்கமான முறை, அந்த எண்ணுக்கு ‘சிக்னல் 0’ அனுப்பிப் பார்ப்பது. சிக்னல் என்பது பிராசஸுக்குக் கெர்னல் வழியாக அனுப்பும் சிறு அறிவிப்பு; 0 என்று கேட்டால் எந்தச் சிக்னலும் உண்மையில் போய்ச் சேராது. அப்படி ஒரு பிராசஸ் உண்டா இல்லையா என்ற பதில் மட்டும் கிடைக்கும். அந்த எண்ணில் ஒன்று இருக்கிறதா என்பதற்குத்தான் இந்தப் பதில். இருப்பது யார் என்பதற்கு அல்ல. உங்கள் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பிராசஸ் எண்கள் ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் மீண்டும் 1-இலிருந்து தொடங்குகின்றன. முதல் எண், மற்ற சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு. அதன் பிறகு கெர்னலின் உள்வேலைகளும் தொடக்கச் சேவைகளும் வரிசையாக எண் பெறுகின்றன. ஒவ்வொரு முறையும் எழும் சேவைகள் ஏறத்தாழ ஒன்றேதான் என்பதால், சில நூறுகளிலிருந்து ஓரிரு ஆயிரங்கள் வரையிலான எண்கள் எப்போதும் நெரிசலாகவே இருக்கும். நீங்கள் அனுப்பிய பிழைச் செய்தியில் எண் 1187 என்று இருக்கிறது. அந்த எண்ணே, முந்தைய பிரதி கணினி எழும்போது தானாகத் தொடங்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அடுத்த முறை கணினி எழும்போது அதே 1187 அச்சுப்பொறிச் சேவைக்கோ, பிணையச் சேவைக்கோ போய்ச் சேர வாய்ப்பு மிக அதிகம். உங்கள் நிரல் ‘1187 இருக்கிறதா’ என்று கேட்கிறது, கெர்னல் ‘இருக்கிறது’ என்று உண்மையைத்தான் சொல்கிறது, நிரல் அதைத் தன் மூத்த பிரதி என்று தவறாக எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்தச் சேவை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருடையதாகவும் உங்கள் நிரல் சாதாரணப் பயனரின் கீழும் இருந்தால், ‘அனுமதி இல்லை’ என்ற பதில் வரும். அதற்கும் அந்த எண்ணில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றே பொருள்.

மாறாக, ஊழியர் காலை ஒன்பது மணிக்குக் கையால் தொடங்கிய பிரதிக்கு, அதற்குள் ஓடி முடிந்த நூற்றுக்கணக்கான சிறு வேலைகளுக்குப் பிறகான பெரிய எண் கிடைத்திருக்கும். புதிய 64 பிட் உபுண்டு பதிப்புகளில் இந்த எண் 41,94,304 வரை போகலாம் என்பதால் அது திரும்பச் சின்ன எண்களுக்கு வர நெடுநாள் ஆகும். அப்படி 9,640 போன்ற ஓர் எண் கோப்பில் இருந்தால், அடுத்த மின்தடைக்குப் பின் கணினி எழும் நேரத்தில் அந்த எண்ணில் யாரும் இருக்கமாட்டார்கள்; நிரல் பழைய கோப்பைப் புறக்கணித்துவிட்டுத் தானாகவே ஓடும். ஆனால் அப்போது அது தன் புதிய சின்ன எண்ணை எழுதி வைக்கும்; அதற்கடுத்த மின்தடையில் மாட்டிக்கொள்ளும். என் ஊகம் சரியென்றால், உங்கள் நிரல் ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒன்று என்ற கணக்கில் மறுத்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த சில மின்தடைகளின்போது கோப்பில் உள்ள எண்ணைக் குறித்து வைத்துப் பாருங்கள்.

எனவே ஊழியருக்கு முதலில் சொல்ல வேண்டியது, அழிப்பதற்கு முன் கோப்பைத் திறந்து எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே. அந்த எண்ணை ‘பிஎஸ் -பி’ கட்டளைக்குக் கொடுத்தால் அது எந்த நிரல் என்று பெயர் வரும். பெயர் உங்கள் பைத்தான் நிரலாக இல்லையென்றால் கோப்பு பழையது. பைத்தான் என்று வந்தாலும் அவசரப்படாமல் முழுக் கட்டளை வரியையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் உபுண்டுவின் சொந்தச் சேவைகளில் சிலவும் பைத்தானில்தான் எழுதப்பட்டவை. இன்னொரு சோதனை நேரம்: ‘அப்டைம் -எஸ்’ கட்டளை கணினி எப்போது எழுந்தது என்று சொல்லும், கோப்பு அதற்கு முன்பே எழுதப்பட்டதாக இருந்து, அது இந்தக் கணினியின் சொந்த வட்டிலும் இருந்து, நிரல் இந்த ஒரு கணினியில் மட்டுமே ஓடுவதாகவும் இருந்தால், கோப்பை எழுதிய பிரதி உயிரோடு இருக்க வழியே இல்லை. மறுதொடக்கத்தைத் தாண்டி எந்தப் பிராசஸும் பிழைப்பதில்லை. ஹைபர்னேட் செய்து (நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு அணைத்து) எழுப்பிய கணினி மட்டும் விதிவிலக்கு. அங்கே பழைய பிராசஸ்கள் அதே எண்களோடு திரும்பி வருகின்றன, அது மறுதொடக்கம் ஆகாது.

நேரச் சோதனையில் ஒரு பள்ளம் உண்டு. பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் அறவே போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய், இணைய இணைப்பு வந்த பிறகே திருந்தும். நேரத்தை நம்பிச் செய்யும் ஒப்பீடு அந்த இடைவெளியில் பொய்க்கும். இதற்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. ‘/பிராக்/சிஸ்/கெர்னல்/ராண்டம்/பூட்_ஐடி’ என்ற இடத்தில், ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக உருவாகும் ஓர் அடையாளம் இருக்கிறது. நிரலை மாற்ற உங்களுக்கு வசதி இருந்தால், பிராசஸ் எண்ணோடு இந்த அடையாளத்தையும் பூட்டுக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். தொடங்கும்போது கோப்பில் உள்ள அடையாளமும் இப்போதைய அடையாளமும் வேறாக இருந்தால், எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. கடிகாரம் என்ன சொன்னாலும் இந்த முடிவு மாறாது.

நிரலை மாற்றும்போது இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் ஒரே சீராகப் போகாமல், வந்து இரண்டு நிமிடத்தில் மீண்டும் போகும் இரவுகளில், நிரல் எழுதிய எண் வட்டில் போய்ச் சேரும் முன்பே எல்லாம் நின்றுவிடலாம். அப்போது கோப்பு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. வெற்றுக் கோப்பை 0 என்று படிக்கும் நிரல் 0 என்ற எண்ணுக்குச் சிக்னல் அனுப்பினால், அது தன் சொந்தக் குழுவுக்கே அனுப்பியதாகிவிடும். பதில் எப்போதும் ‘இருக்கிறது’ என்றே வரும். பழைய பிரதியை நிறுத்துவதாக நினைத்து உண்மையான நிறுத்தச் சிக்னலை அனுப்பும் ஸ்கிரிப்டாக இருந்தால் அது தன்னையே கொன்றுகொள்ளும். கோப்பில் 1-ஐவிடப் பெரிய முழு எண் இல்லையென்றால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

இப்போது நீங்கள் கேட்ட வரிக்கு வருகிறேன். கணினி எழும்போது மட்டும், நிரல் தொடங்குவதற்கு முன், சொந்த வட்டில் உள்ள கோப்பை அழிப்பது சரியே. ஆனால் அந்த வரியை எங்கே எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் எழுதினால், பகல் வேளையில் ஊழியர் ஏதோ சந்தேகத்தில் அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும்போது, ஓடிக்கொண்டிருக்கும் பிரதியின் கோப்பு அழிந்து இரண்டாவது பிரதியும் கிளம்பிவிடும். எடைமேடையின் ஒரே சீரியல் போர்ட்டிலிருந்து இரண்டு பிரதிகள் படித்தால், ஆளுக்குப் பாதி எழுத்துகள் கிடைத்து, எடைகள் தவறாகப் பதியும். பூட்டு இருந்ததன் நோக்கமே அதைத் தடுப்பதுதான்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பெருங்குடியில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சர்வர்கள் பிணையத்தின் வழியாக ஒரே வட்டைப் பகிர்ந்திருந்தன. இரவுநேரத்தில் விலைப்பட்டியல் (பில்) அனுப்பும் வேலையின் பூட்டுக் கோப்பும் அந்தப் பொது வட்டில்தான் இருந்தது. எழும்போதெல்லாம் அதை அழிக்கும் வரியை எழுதியவன் நான்தான். புயலில் ஒரு சர்வர் மட்டும் விழுந்து எழுந்தது. மற்றதும் பொது வட்டும் தனி யு.பி.எஸ்.ஸில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. எழுந்த சர்வர் உயிரோடு இருந்த மற்றதன் பூட்டை அழித்துவிட்டுத் தானும் வேலையைத் தொடங்கியது. வாடிக்கையாளர்களுக்கு ஒரே பட்டியல் இரண்டு எண்களில் போனது. அவற்றை இனம் பிரித்து, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து விளக்க எங்கள் கணக்குப் பிரிவினருக்கு அந்த மாதம் முழுவதும் ஆனது. ஒரு கணினி மறுதொடக்கம் ஆனது அந்தக் கணினியின் பிராசஸ்களைப் பற்றி மட்டுமே எதையாவது சொல்கிறது. பகிர்ந்த வட்டில் உள்ள கோப்பை வேறொரு கணினி எழுதியிருக்கலாம். உங்கள் பட்டறையில் இன்று ஒரே கணினிதான் என்றாலும், நாளை இரண்டாவது ஒன்றை வாங்கி வட்டைப் பகிரும்போது இந்த வரி அங்கே இருப்பது யாருக்கும் நினைவிருக்காது.

அதனால் அழிப்பதைவிட, அழிக்கத் தேவையில்லாத இடத்தில் கோப்பை வைப்பது நல்லது. லினக்ஸில் ‘/ரன்’ என்ற கோப்புறை வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் அதோடு எல்லாம் போய்விடும். பழைய ‘/வார்/ரன்’ இப்போது அதற்கே சுட்டுகிறது. நிரலை சிஸ்டம்டி சேவையாக எழுதி, அதில் ‘ரன்டைம் டைரக்டரி’ என்ற வரியைச் சேர்த்தால், அந்த நிரலின் பெயரில் ‘/ரன்’னுக்குள் ஒரு கோப்புறை சரியான உரிமையோடு உருவாகும், சேவை நின்றதும் நீங்கிவிடும். கோப்பின் இடத்தை மாற்ற நிரல் இடம் தரவில்லையென்றால், சிஸ்டம்டியின் ‘டிஎம்பிஃபைல்ஸ்’ அமைப்பில் நீக்கும் வரியின் எழுத்தை அடுத்து ஓர் ஆச்சரியக்குறி போட்டு எழுதலாம். அந்தக் குறி, கணினி எழும்போது மட்டும் இதைச் செய், ஓடும் நேரத்தில் தொடாதே என்று பொருள்படும். திரைச் சர்வரான எக்ஸ் விட்டுச்செல்லும் பூட்டுக் கோப்புகளை சிஸ்டம்டி இந்த முறையில்தான் துப்புரவு செய்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது, பூட்டைக் கெர்னலிடமே ஒப்படைப்பது. ‘ஃப்ளாக்’ என்ற அழைப்பின் மூலம் ஒரு கோப்பைத் திறந்து அதன்மேல் பூட்டுக் கேட்டால், அந்தப் பூட்டு கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை, கெர்னலின் நினைவில் இருக்கிறது. பிராசஸ் எப்படிச் செத்தாலும், ஒழுங்காக நின்றாலும் பாதியில் கொல்லப்பட்டாலும், கெர்னல் பூட்டை விடுவித்துவிடும். மின்சாரம் போனால் கெர்னலே இல்லை, பூட்டும் இல்லை. நிரலைத் தொடாமலே இதைச் செய்ய, அதே பெயரில் ஒரு கட்டளை உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் நிரலை அதன் வழியாக, ‘-என்’ சேர்த்துத் தொடங்கினால், முதல் பிரதி ஓடும்வரை இரண்டாவது காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். நிரலின் பழைய பூட்டுச் சோதனையை நிறுத்தவும் ஒரு வழி வேண்டும். அது உங்களுக்கு எழுதிக்கொடுத்தவரிடம் கேட்க வேண்டியது.

இந்த முறையில் கோப்பு வட்டில் நிரந்தரமாகக் கிடக்கும், அதை அழிக்கவே கூடாது. பழகிய கைகள் அதையும் அழிக்கப் பார்க்கும். ஒரு பிரதி பூட்டி வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால், அது பெயரில்லாத பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டே ஓடும். அடுத்த பிரதி அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கி அதில் பூட்டு வாங்கிக்கொள்ளும். இருவர் கையிலும் பூட்டு, இரண்டு வெவ்வேறு கதவுகளுக்கு. உபுண்டுவில் மென்பொருள் நிறுவும்போது ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்று வந்தால் நிறுவும் கருவியான டிபிகேஜியின் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடக்கிறது. அது தவறாவது இதனால்தான். அங்கேயும் பூட்டு கெர்னலிடம்தான். மறுதொடக்கத்துக்குப் பிறகும் அந்தச் செய்தி வந்தால், கணினி எழுந்ததும் தானாகத் தொடங்கும் புதுப்பிப்பு வேலை அப்போது உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சில நிமிடங்கள் பொறுத்தால் போதும்.

போஸ்ட்கிரெஸைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கணினியில் அதுவும் இருக்கிறது. அதன் தரவுக் கோப்புறையில் ‘போஸ்ட்மாஸ்டர்.பிஐடி’ என்ற பூட்டுக் கோப்பு உண்டு. நீங்கள் எழுதும் வரி எந்த நிலையிலும் அதைத் தொடக் கூடாது. அந்தக் கோப்பில் பிராசஸ் எண்ணோடு, தொடங்கிய நேரம், போர்ட் எண், பகிர்நினைவின் அடையாளம் முதலியனவும் எழுதப்படுகின்றன. எழும்போது போஸ்ட்கிரெஸ் அவற்றைச் சரிபார்த்து, பழையது என்று உறுதியானால் தானே நீக்கிக்கொண்டு, பதிவேட்டிலிருந்து தரவை மீட்டுக்கொண்டு எழும். ஓடும் சர்வரின் அந்தக் கோப்பை அழித்துவிட்டு இரண்டாவது சர்வரை அதே தரவின்மேல் ஏற்றினால், தரவுத்தளம் சரிசெய்ய முடியாதபடி கெடலாம். ஒருவேளை அது எழ மறுத்தால், அழிக்கும் முன் அந்த எண்ணில் யார் இருக்கிறார்கள் என்று மேலே சொன்னபடி பாருங்கள்.

நிரலைக் கன்டெய்னர் என்ற தனி அறையில் அடைத்து ஓட்டும் டாக்கருக்குள் அதை மாற்ற எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. கன்டெய்னருக்குள் முதன்மை நிரலின் எண் பொதுவாக 1. கன்டெய்னரைப் புதிதாக உருவாக்காமல் மறுதொடக்கம் மட்டும் செய்தால் பழைய கோப்பு உள்ளேயே தங்கும். நிரல் அதில் 1 என்று படித்து, 1 உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, தன்னையே கண்டு ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று வெளியேறும். கோப்பில் உள்ளது தன் சொந்த எண்ணாக இருந்தால் பொருட்படுத்தாதே என்ற ஒரு நிபந்தனையை நிரலில் சேர்த்துவிட்டால் இது தீரும்.

கடைசியாக, பூட்டுச் சிக்கலைத் தீர்த்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எஞ்சி நிற்கும் கோப்பு, முந்தைய ஓட்டம் பாதியில் அறுந்தது என்பதற்கான தடயமும்கூட. அறுந்த கணத்தில் எடைமேடையில் இருந்த சரக்கு பதிந்ததா இல்லையா என்பதை யாராவது பார்த்தாக வேண்டும். ஆகவே பழைய கோப்பைக் கண்டதும் நிரல் சத்தமில்லாமல் கடந்து போகாமல், அதில் இருந்த எண்ணையும் கோப்பின் நேரத்தையும் பதிவில் எழுதட்டும். காலையில் ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, கடைசிப் பதிவை எடைச்சீட்டோடு ஒப்பிடட்டும். இன்வெர்ட்டருக்குப் பதிலாக யு.எஸ்.பி. கம்பி வைத்த சிறிய யு.பி.எஸ். ஒன்றைக் கணினிக்கு மட்டும் வைத்தால், பேட்டரி தீரப்போவதைக் கணினியே அறிந்து, நட் என்ற இலவச மென்பொருள் மூலம் ஒழுங்காக அணைந்துகொள்ள முடியும்; சாதாரண வீட்டு இன்வெர்ட்டருக்கு அந்தச் செய்தியைச் சொல்ல வழியில்லை. இடைப்பட்ட காலத்தில், அடுத்த முறை நிரல் மறுத்தால் கோப்பை உடனே அழிக்காமல், அதில் உள்ள எண்ணையும் அந்த எண்ணுக்கு ‘பிஎஸ்’ காட்டும் வரியையும் இங்கே எழுதுங்கள். அவை கிடைத்தால் என் ஊகம் சரியா என்று சொல்லிவிடலாம்.